புதுப்பிக்கப்படாத அழகு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்தருகே மாலை வேளையில் சற்று நின்று பார்ப்பவர்க்கு நாள்தோறும் ஒரு காட்சி கிடைக்கும். இரும்புக் கூடுபோன்ற நீண்ட லாரிகள் புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நகரும். கார்களின் மேல் வெண்ணிறப் படலம் ஒட்டியிருக்கும். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போவதுபோல் அவற்றை எடுத்துப் போகிறார்கள். தூசியும் வெயிலும் வாங்குபவரின் வாசல்வரை அவற்றைத் தீண்டக் கூடாது.

ஒரு காலத்தில் இந்த நிலம் ஏரியும் நெல்வயலுமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுசர் அவதரித்த ஊர் என்பதே முதலில் நினைவுக்கு வரும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இன்று எம் பங்கின் இளைஞரில் பெரும்பாலோர் ஆலைப் பேருந்து வரும் நேரத்தை வைத்தே தம் வாழ்நாளை அளந்துகொள்கிறார்கள்.

அத்தகைய இளைஞர் ஒருவர், கார் ஆலையொன்றின் இறுதிப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றுபவர், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னிடம் வந்து தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். அமெரிக்காவில் எவரோ பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு பழைய கார். வெள்ளை நிறம், ஏறத்தாழ 19 அடி நீளம், மேற்கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்தபடி ஓட்டக்கூடிய ‘கன்வெர்ட்டிபிள்’ வகை. 1976-இல் செய்யப்பட்டது. மிகக் குறைந்த தூரமே ஓடியது. ஒருமுறைகூட மறுவண்ணம் பூசப்படாதது.

“ஃபாதர், எங்க லைன்ல முடி அளவு கீறல் இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிடுவோம். இந்தக் காருக்கு ஒரு ஓரத்துல பெயின்ட் வெடிச்சிருக்கு. தோல் சீட்டு மடிஞ்சு கோடு விழுந்திருக்கு. ஆனா இதைத் தொடக் கூடாது, இப்படியே இருக்கணும்னு சொல்றாங்க. அதுக்குத்தான் மதிப்பாம். எது சரி ஃபாதர்?”

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்வியாயினும் பல நாள் என்னை விட்டு அகலவில்லை. அதை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

ஒரு வெள்ளைக் காரின் கதை

அமெரிக்கக் கார் தமிழருக்கு அந்நியமன்று. ஃபோர்டு நிறுவனம் 1926 முதலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதலும் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இந்தியாவில் பொருத்தி விற்றன. கார்களை இந்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முன்வராத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1950-களில் வந்தபோது அவை விலகின. ஆயினும் அவை விட்டுச்சென்ற கார்கள் நெடுநாள் ஓடின. என் சிறுவயதில் ஊர்ப் பெரியவர்கள் எந்தக் காரையும் ‘பிளஷர்’ என்றே அழைத்தார்கள். ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு வரும் ஒரு பெரிய பிளஷரைத் தொட்டுப் பார்க்க நாங்கள் வரிசையில் நின்றதுண்டு.

இளைஞர் காட்டிய காரின் பெயர் காடிலாக் எல்டொராடோ. அதற்கு விந்தையான ஒரு வரலாறு உண்டு. குளிர்சாதன வசதி பெருகியதாலும், விரைவுச் சாலைகளில் காற்றின் இரைச்சலைப் பயணிகள் விரும்பாததாலும், கவிழ்ந்தால் காக்கும் கூரை வேண்டுமென்ற அரசு விதி வரக்கூடும் என்ற அச்சத்தாலும், 1970-களில் அமெரிக்க நிறுவனங்கள் திறந்த கார்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் எஞ்சியது எல்டொராடோ. 1976-இல் ஏறத்தாழ 14,000 கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் இறுதி 200 கார்களும் ஒரே அச்சாக வெள்ளை நிறத்தில் வெளிவந்தன. அவ்வாண்டின் ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் நகரில் கடைசிக் கார் ஆலையை விட்டு இறங்கியபோது, அமெரிக்காவின் கடைசிக் கன்வெர்ட்டிபிள் இதுவே என்று பறைசாற்றப்பட்டது.

உடனே பலருக்கு ஒரு கணக்குத் தோன்றியது. இனி வராத பொருளென்றால் நாளை பொன்னாகுமன்றோ? குறித்த விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் ஓட்டவில்லை. கொட்டகையில் நிறுத்தித் துணியால் மூடிப் பூட்டிவிட்டார்கள். வானத்தைப் பார்க்கவென்றே செய்யப்பட்ட கார் வானத்தைப் பார்க்கவில்லை!

அவர்கள் அஞ்சிய விதி திறந்த கார்களுக்கு வரவேயில்லை. 1982-இல் வேறு நிறுவனங்கள் மீண்டும் திறந்த கார்களை விற்கத் தொடங்கின. 1984-ஆம் ஆண்டு மாதிரியாக எல்டொராடோவே கன்வெர்ட்டிபிளாகத் திரும்பி வந்தது. முன்பு வாங்கி வைத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசிக் கார் என்று சொல்லி ஏமாற்றிவிட்டதாக வழக்கும் தொடுத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த பொன் கிட்டவில்லை. ஆனால் பூட்டிய கொட்டகைகளுள் அக்கார்கள் அன்று பிறந்த கோலத்திலேயே தங்கிவிட்டன. பேராசை பாதுகாத்த பொருளை இன்று பேராசையற்ற எளிய இரசிகர்கள் பார்த்து மகிழ்கிறார்கள்.

சுண்ணக்கட்டிக் குறி

மறுவண்ணம் பூசாத காரில் அப்படி என்ன இருக்கிறது? இதற்கு விடை சொன்னவரும் அவ்விளைஞரே. காட்சியை நிறுத்தி, காரின் அடிப்பாகத்தில் ஓரிடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இரும்புச் சட்டத்தின் மேல் அவசரமாக இழுத்த ஒரு கோடு, அதனருகே ஓர் எழுத்து. அக்காலத்து ஆலைகளில், “நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது” என்பதற்கு அடையாளமாகப் பரிசோதகர் சுண்ணக்கட்டியாலோ மெழுகுக் கட்டியாலோ போடும் குறி அது. வாங்குபவர் பார்ப்பதற்காகப் போடப்பட்டதன்று. முதல் மழையிலேயே கழுவுண்டு போகத்தக்கது. இந்தக் கார் மழையில் போகாததால் நிலைத்துவிட்டது.

“அவரும் என்னை மாதிரி ஷிப்டுக்கு வந்தவர்தானே ஃபாதர்” என்றார். அந்தச் சொல்லில் ஓர் உறவு இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கடலுக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அசைவு இவரை வந்து தொட்டுவிட்டது.

காரைப் புதுப்பிப்போர் முதலில் செய்வது பழைய வண்ணத்தை உரித்தெடுப்பது. அப்போது அந்தக் குறி போய்விடும். ஆலையில் வண்ணம் சற்றே வழிந்த இடம், தையற்காரர் ஓரிடத்தில் இழை பிசகிய தையல், கண்ணாடியின் ஓரத்தில் பொறித்த மாதக் குறியீடு யாவும் ஆபத்துக்குள்ளாகும். புதுப்பித்த கார் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிடவும் பளபளக்கும். அஃதாவது, என்றுமே இருந்திராத ஒரு நிலையை அது காட்டும். ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1849-இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில், பழைய கட்டடங்களைப் புதுப்பித்தல் என்பது ஒரு பொய் என்ற கருத்தைக் கடுமையாகவே வாதித்தார். பழங்கார்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், உள்ளதைக் காப்பதையே மாற்றிச் செய்வதற்கு முன்னால் வைக்கிறது. நம் நாட்டிலும், கோயில்களைத் தூய்மை செய்வதாக எண்ணி மணலை வீசியடித்ததால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்த துயரத்தை அறிஞர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். கல் பளிச்சென்று ஆயிற்று. கல் பேசுவது நின்றது.

இதை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை இவ்விடத்தே ஒப்புக்கொள்ள வேண்டும். குருவான சில ஆண்டுகளில் ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றேன். அங்கிருந்த ஆலயத்தில் பீடத்துக்கு முன் தேக்கு மரத்தாலான பழைய கிராதி ஒன்று இருந்தது. முன்னாளில் மக்கள் அதன்முன் முழந்தாளிட்டு நற்கருணை வாங்குவர். நான் சென்ற காலத்தில் அந்த வழக்கம் போய்விட்டது. கிராதி வெறுமனே நின்றது. முழந்தாளிடும் பலகையில் வரிசையாகக் குழிகள் விழுந்திருந்தன. ஆலயத்தின் பொன்விழா வந்தது. ஆர்வமிகுதியால் கிராதியை அகற்றிவிட்டுப் பளிங்குப் படிகள் அமைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். விழா முடிந்த மறுநாள் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் தனியே வந்தார்.

“சாமி, அந்தப் பலகை எங்க போச்சு? எங்க அம்மா முட்டி போட்ட இடம் சாமி அது. அம்மா செத்த பிறகு நான் அந்தக் குழியிலதான் முட்டி போடுவேன்.”

பலகை விறகாகிப் போயிருந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை, இன்றும் இல்லை. நான் பழுது என்று பார்த்ததை அவர் தாயின் தடம் என்று பார்த்தார். இருவருள் யார் சரியாகப் பார்த்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பூட்டி வைத்தலும் காத்தலும்

ஆயினும் இங்கே ஒரு முரண் எழுகிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. கிராதிப் பலகைக்கு மதிப்பு வந்தது அது பயன்பட்டதால். வெள்ளைக் காருக்கு மதிப்பு வந்தது அது பயன்படாததால். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

பயன்படாமை ஒரு பொருளைக் காக்கும் என்பதே முதலில் முழு உண்மையன்று. ஓடாமல் நிற்கும் காரின் ரப்பர் காய்ந்து வெடிக்கும். தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். ஒரே இடத்தில் நின்ற சக்கரம் தட்டையாகும். இதற்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் டல்சா நகரத்தார் 1957, ஜூன் 15 அன்று புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றைக் கான்கிரீட் அறையிலிட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து, நகரின் மக்கள்தொகையைச் சரியாகக் கணித்தவருக்குப் பரிசளிப்பதாக ஏற்பாடு. 2007-இல் அதே நாளில் பெருங்கூட்டத்தின் முன் தோண்டி எடுத்தார்கள். அறைக்குள் நீர் புகுந்து தேங்கியிருந்தது. வெளியே வந்தது துருப் பிடித்த ஓர் ஓடு. தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனை நாம் அனைவரும் அறிவோம். மண் எதையும் வாங்கியபடியே திருப்பித் தருவதில்லை.

இனி மறுபக்கம். பெருந்தலைவர் காமராசர் பயணம் செய்த கறுப்பு நிறச் செவர்லே கார் ஒன்று உண்டு, எம்.டி.டி. 2727 என்பது அதன் எண். அதுவும் அமெரிக்கக் காரே. பட்டிதொட்டியெல்லாம் சுற்றிய தலைவரோடு ஓடித் தேய்ந்த அந்தக் கார், அவர் 1975-இல் மறைந்தபின் தேனாம்பேட்டையிலுள்ள காமராசர் அரங்க வளாகத்தில் நெடுங்காலம் நின்றது; நிற்கும்போதே பழுதுற்றது. 2020-களில் அதைப் புதுப்பித்து மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இது தவறா? புதுப்பித்தல் யாவும் பொய் என்றால் இதையும் பொய் என்றே சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கவனிப்பாரற்று அழிவதைப் பாதுகாத்தல் என்று அழைக்கலாகாது. விழும் சுவருக்கு முட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். எதைக் காக்க முடியுமோ அதை அப்படியே காத்து, எது நில்லாதோ அதை மட்டும் மாற்றி, மாற்றியதை மாற்றியது என்று மறைக்காமல் சொல்வதே நேர்மையான வழி.

ஆகவே அளவுகோல் புதுமையுமன்று, பழமையுமன்று. ஓடிய தூரமும் அன்று. ஒரு பொருள் தன்னைப்பற்றி உண்மை சொல்கிறதா என்பதே அளவுகோல். வெள்ளைக் காரின் குறைந்த தூரம் ஒரு தற்செயல். அதில் அறம் ஏதுமில்லை. அதன் பெருமை, தான் எப்படிச் செய்யப்பட்டதோ அதை ஒளிக்காமல் நிற்பதில் இருக்கிறது. குழி விழுந்த பலகையின் பெருமையும் அதுவே. ஒன்று பிறந்த கதையைச் சொல்கிறது. மற்றது வாழ்ந்த கதையைச் சொல்கிறது.

இளைஞரின் கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. ஆலையில் அவர் கீறலைக் கண்டு காரைத் திருப்பி அனுப்புவது சரியே. புதியது என்று சொல்லி விற்கும் காரில் கீறல் இருந்தால், கொடுத்த வாக்குப் பொய்யாகிறது. பழைய காரில் வெடித்த வண்ணத்தை மறைத்தாலோ, வாழ்ந்த வரலாறு பொய்யாகிறது. அவர் இரண்டு இடத்திலும் காப்பது ஒன்றைத்தான்.

கையை மறைத்தவர்

பொருள்களைப்பற்றி இவ்வளவு சொன்னபின் மனிதரைப்பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. இத்தொழிற்பேட்டை மனிதரைப் பார்க்கும் முறையில், குறைந்த தூரம் ஓடிய காரைத் தேடுபவரின் கண் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இளையவர் வேண்டும், புதியவர் வேண்டும் என்கிறார்கள். சில ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் முதுகுவலியோடும் உறக்கமற்ற இரவுகளின் சோர்வோடும் வெளியே வருபவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. திருமணப் பேச்சிலும் நாம் அதே கண்ணோடுதான் அமர்கிறோம். ஒரு நிச்சயதார்த்தம் முறிந்த பெண்ணை, ஒரு நோய் வந்து தேறிய ஆணை, கீறல் விழுந்த பொருளென்று தள்ளிவைக்கிறோம். ஆலை செய்தால் அது தரப் பரிசோதனை. இல்லத்தில் நாம் செய்வதற்கு என்ன பெயர்?

எம் பங்கில் ஓர் இளைஞர் இருக்கிறார். ஒரு சிறு பட்டறையில் அழுத்து இயந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். அன்றுமுதல் அந்தக் கை சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை. நற்கருணை வாங்க வரும்போது மற்றவர்கள் கைகளை நீட்டுவார்கள். அவர் மட்டும் கையை மறைத்துக்கொண்டு நாவை நீட்டுவார். முதலில் அதைப் பக்தி என்று எண்ணினேன். பிறகுதான் காரணம் தெரிந்தது.

குருமடத்தில் படித்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. உயிர்த்த ஆண்டவரின் உடலில் ஏன் காயங்கள் எஞ்சியிருந்தன என்று புனித தோமா அக்குவினார் ஆராய்கிறார். மறைசாட்சியரின் தழும்புகள் மறுவாழ்விலும் காணப்படலாம், அவை குறையாகா, மாண்பே ஆகும் என்று அவருக்கு முன்பே புனித அகுஸ்தினார் எண்ணிப் பார்த்தார். அந்நாளில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். இறைவன் தம் மகனைப் பழுதற்ற புதுப்பொருளாக ஆக்கித் திருப்பித் தரவில்லை. கைகளைக் காட்டக்கூடியவராகத் திருப்பித் தந்தார். இதன் பொருள் அந்தச் சட்டைப்பைக் கையைக் கண்டபின்னரே எனக்கு விளங்கியது.

இதனால் காயம் நல்லது என்று ஆகிவிடாது. அந்த இயந்திரத்துக்குக் காப்புத் தடுப்பு இருந்திருக்க வேண்டும், இல்லாதது அநீதி. தழும்பைப் போற்றுவதாகச் சொல்லிக் காயப்படுத்தியவரைத் தப்பவிடுவது இன்னொரு வகைப் பூச்சு வேலை. ஆனால் வந்துவிட்ட தழும்புக்காக வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிரசங்கத்தில் சொன்னால் எல்லாக் கண்களும் அவர்மேல் திரும்பும். ஒருநாள் பரிசோதகர் தம்பியை அழைத்து, அந்த வெள்ளைக் காரின் அடிப்பாகத்துக் குறியை அவருக்கும் காட்டச் சொன்னேன். இருவரும் ஆலய வாசலில் வெகுநேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவர் நாவையே நீட்டினார். நான் காத்திருக்கிறேன்.